‘உனக்குப் புரியாது’ என்று சொன்னவனுக்கு

நைனா,

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஐந்து தடவை உனக்குப் போன் போட்டேன். முதல் இரண்டு தடவை நீ எடுக்கவில்லை. மூன்றாவது தடவை “மீட்டிங்ல இருக்கேன்பா” என்றாய். நான்காவது தடவை, உன் பெண்டாட்டி ரேவதி ஏன் ஃபிளாட்டை விட்டுப் பூந்தமல்லிக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போனாள் என்று கேட்டேன். “அது கொஞ்சம் காம்ப்ளிகேட்டட்பா” என்றாய். அப்படியென்றால் என்ன என்று கேட்டதற்கு, “விடுப்பா, உனக்குப் புரியாது” என்று சொல்லி வைத்துவிட்டாய். ஐந்தாவது தடவை போட்டது உன்னைத் திட்டுவதற்கு. நல்ல வேளை, நீ எடுக்கவில்லை. பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த உன் அம்மாதான், “போனப் போட்டு இன்னா பிரயோஜனம்? எழுதிப் போடு. எழுத்துலன்னா அவனால குறுக்க பேச முடியாதில்ல” என்றாள். நாற்பது வருடம் ஊருக்கெல்லாம் பத்திரம் எழுதியவன், பெற்ற பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுத மாட்டேனா? உட்கார்ந்துவிட்டேன். நம் வீடு இருக்கிற கள்ளிக்குப்பத்துக்கும் உன் ஃபிளாட் இருக்கிற அண்ணனூருக்கும் நடுவே கூப்பிடு தூரம்தான். ஆனாலும் தபாலில்தான் போடப் போகிறேன். ஸ்பீட் போஸ்ட். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள். எதில் கையெழுத்துப் போடுகிறாய் என்று படித்துவிட்டுப் போடு.

உனக்குப் புரியாது. இந்தச் சொல்லை நீ எங்கிருந்து எடுத்தாய் என்று எனக்குத் தெரியும். என்னிடமிருந்துதான். அதனால்தான் எனக்கு இவ்வளவு எரிச்சல். என் தொழிலே அந்தச் சொல்லில்தான் ஓடியது. பத்திரத்தில் நாங்கள் எழுதும் தமிழை நீ பார்த்திருக்கிறாய். ‘பாத்தியதை’, ‘சுவாதீனம்’, ‘பின்தொடர்ச்சி’, ‘வில்லங்கம்’. ‘உன் கையில் இருக்கிறது’ என்று எழுதினால் எவனும் ஒரு டீ கூட வாங்கித் தர மாட்டான். ‘சர்வ சுதந்திர பாத்தியமாய் உமது சுவாதீனத்தில்’ என்று எழுதினால் எழுந்து நின்று கும்பிடுவான். பழைய பத்திரங்களில் ஒரு வரி வரும். ‘நிதி நிட்சேப ஜல தரு பாஷாண அட்சிணி ஆகாமி சித்த சாத்தியங்களுடன்’ என்று. நிலத்தோடு சேர்ந்த உரிமைகளாம். என் குருநாதர் எழுதியதைப் பார்த்து நானும் எழுதினேன். ஒரு நாள் கத்தரிக்காய் பயிரிடுகிற ஒருவர் நிலம் வாங்க வந்தார். நான் படித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போது கையை நீட்டி நிறுத்தினார். “ஜலம்னா தண்ணி. தரு மரம். பாஷாணம் கல்லுன்னு எங்க அப்பா சொல்லிகீறாரு. ஆகாமின்னா இன்னாங்க?” என்று கேட்டார். “அதெல்லாம் சட்டத் தமிழ். உங்களுக்குப் புரியாது” என்றேன். அவரும் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எனக்கும் அதற்கு அர்த்தம் தெரியாது என்பதுதான் விஷயம். அன்று மாலை வீட்டுக்கு வந்து யாரிடமாவது கேட்டிருக்கலாம். அதையும் செய்யவில்லை. தெரியாததை மறைக்க ஒரு சொல் கையில் இருக்கும்போது, தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே வராது. அதுதான் அந்தச் சொல்லின் வசதி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரேவதி இங்கே வந்தாள். பூந்தமல்லியிலிருந்து பஸ் மாறி, வெயிலில், ஐந்து மாத வயிற்றோடு. உன் அம்மா பதறிப்போய் ஃபேனுக்கு அடியில் உட்கார வைத்து மோர் கொடுத்தாள். அவள் மோரைத் தொடவில்லை. பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

“மாமா, நீங்க பத்திரம் படிக்கிறவங்கதானே. இதைப் படிச்சு என்னன்னு சொல்லுங்க.”

ஸ்கேன் ரிப்போர்ட்டும் ரத்தப் பரிசோதனைத் தாளும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். ஆங்கில எழுத்துதான், ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்த எழுத்துதான். சேர்த்துப் படித்தால் ஒன்றும் விளங்கவில்லை. வழக்கமாக இந்த இடத்தில் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். தொண்டையைக் கனைத்துக்கொண்டு எதையாவது சொல்லியிருப்பேன். அவள் முகத்தைப் பார்த்தேன். வாய் வரவில்லை.

“எனக்குப் புரியலம்மா” என்றேன்.

அவ்வளவுதான். பொலபொலவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். நான் பயந்துவிட்டேன். “நீங்களாவது புரியலன்னு சொன்னீங்களே மாமா” என்றாள். “இவரு எல்லாம் புரிஞ்ச மாதிரியே இருக்காரு. ராத்திரியெல்லாம் போன்ல எதையோ தேடித் தேடிப் படிக்காரு. என்னன்னு கேட்டா போனைக் கவுத்து வைக்காரு. ஒண்ணுமில்ல, நார்மல், உனக்குப் புரியாதுங்குதாரு. நான் கணக்குல எம்.எஸ்ஸி. படிச்சவ மாமா. பத்து வருஷமா பிள்ளைங்களுக்குப் புரிய வைக்கிறதுதான் என் வேலை.”

பிறகு நடந்ததைச் சொன்னாள். ஸ்கேன் பார்த்த டாக்டர் ஏதோ ஆங்கிலத்தில் வேகமாகச் சொன்னாராம். அப்போது இவளுக்குத் தலை சுற்றல், காதில் பாதிதான் விழுந்திருக்கிறது. வெளியே வந்து உன்னிடம் கேட்டிருக்கிறாள். நீ “ஒரு சின்ன டெஸ்ட் எடுக்கணுமாம். சைன் பண்ணு” என்றாயாம். “என்ன டெஸ்ட்?” என்று கேட்டதற்கு அந்தப் பாழாய்ப்போன சொல்லைச் சொன்னாயாம். உன்னை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். சனிக்கிழமை அந்த அறைக்குள் போய்ப் படுத்து, வயிற்றைத் துடைத்து மருந்து தடவும்போதுதான் அந்த நீள ஊசியைப் பார்த்திருக்கிறாள். அது வயிற்றுக்குள் போகும் ஊசி என்று நர்ஸ் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, உன்னைப் பார்க்காமலே வெளியே வந்து ஆட்டோ பிடித்திருக்கிறாள்.

இதில் காம்ப்ளிகேட்டட் என்ன இருக்கிறது? சொல்லு. எனக்கு நன்றாகவே புரிந்தது. உன் அம்மாவுக்கும் புரிந்தது. “புள்ள ஒன்ன மாதிரியே பேசக் கத்துகினு கீது” என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்று சாயங்காலம் வரைக்கும் என்னோடு பேசவில்லை. தப்பு நீ செய்தாய், தண்டனை எனக்கு.

விளங்காத விஷயங்களுக்கு நம் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. விடுகதை என்றால் எங்கேயோ விடை இருக்கிறது, போட்டவனுக்கு அது தெரியும். புதிர் என்றால் உட்கார்ந்து யோசித்தால் அவிழும். சூட்சுமம் என்றால் கற்றுக்கொண்டால் பிடிபடும். இதெல்லாம் கௌரவமான சொற்கள். மூடுமந்திரம் என்று ஒன்று இருக்கிறது பார், அது மட்டும் வேறு. அங்கே விஷயம் கஷ்டமானதாக இருக்காது. யாரோ ஒருவன் மூடிக்கொண்டு மேலே உட்கார்ந்திருப்பான், அவ்வளவுதான். நீ செய்தது அது. ஏன் செய்தாய் என்றும் எனக்குத் தெரியும். பயம். நெட்டில் எதையெதையோ படித்துப் பயந்துவிட்டாய். பயமாக இருக்கிறது என்று பெண்டாட்டியிடம் சொல்ல வெட்கம். அவளும் பயந்துவிடுவாளே என்று கவலை வேறு. அந்தப் பயத்துக்கெல்லாம் சேர்த்து நீ வைத்த பெயர்தான் ‘உனக்குப் புரியாது’. புரியாதவள் என்று அவளைச் சொன்னாய். புரியாமல் தவித்தது நீ.

வியாழக்கிழமை நானும் ரேவதியும் அந்த டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்தோம். உன்னிடம் கேட்கவில்லை. கோபம் வந்தால் வரட்டும். ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே போனதும் நான் சொன்னேன்: “அம்மா, நான் பத்திர எழுத்தர். எங்க ஆபீஸ்ல எழுதிக் குடுக்கறவங்களுக்கு வரி வரியாப் படிச்சுக் காட்டணும்னு விதி கீது. நாங்க யாரும் அதைச் சரியாச் செய்யறதில்ல. நீங்க செய்யுங்க.” அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, எதிர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து ரேவதி பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வெள்ளைத் தாளில் படம் போட்டே சொன்னார். நல்ல தமிழில். பத்து நிமிடம்தான் ஆயிற்று.

நீயும் கேட்டுக்கொள். குழந்தையின் இதயப் படத்தில் வெள்ளையாக ஒரு சின்னப் புள்ளி தெரிகிறது. நிறையக் குழந்தைகளுக்கு அது இருக்கும், தானாகவே போய்விடும். அது மட்டும் என்றால் விட்டிருப்பார்கள். ரத்தப் பரிசோதனையிலும் கொஞ்சம் சந்தேகம் வந்ததால், குழந்தை வளர்ச்சியில் குறை ஏதாவது இருக்குமா என்று உறுதி செய்யக் குழந்தையைச் சுற்றியிருக்கும் நீரைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கிறார்கள். அதற்குத்தான் ஊசி. ஊசியால் கரு கலைகிற ஆபத்து கொஞ்சம் உண்டு, ரொம்பக் குறைவு. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் முடிவு தாயுடையது.

ரேவதி நான்கு கேள்வி கேட்டாள். நான்கும் நறுக்கென்று இருந்தன. வகுப்பில் எப்படி நிற்பாள் என்று அன்றுதான் பார்த்தேன். கடைசியாக, “அந்தப் புள்ளி ஏன் டாக்டர் வருது?” என்று கேட்டாள்.

“அது எங்களுக்கே சரியாத் தெரியாதும்மா” என்றார் அந்த அம்மா.

நைனா, எவ்வளவு படித்தவர்! சுவர் முழுக்கச் சான்றிதழ் மாட்டியிருக்கிறார். தெரியாது என்று சொல்லும்போது அவர் குரல் கொஞ்சமும் இறங்கவில்லை. ரேவதியின் தோள் அப்படியே தளர்ந்து சாய்ந்ததை நான் பார்த்தேன். பத்து நாளாக நீ அவளிடம் சொன்ன அத்தனை ‘நார்மல்’களாலும் வராத நிம்மதி அது. வெளியே வந்து ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, “ஊசி போட்டுக்கிடுதேன் மாமா. தெரிஞ்சுக்கிட்டா நல்லதுதான்” என்றாள். திங்கட்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு என் அக்கா ஞாபகமாகவே இருந்தது. உன் வசந்தா அத்தை. கோவில்பதாகையிலிருந்து வாரம் தவறாமல் நம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவள், நீ காலேஜ் இரண்டாம் வருடம் படிக்கும்போது வருவதை நிறுத்திவிட்டாள். “அத்தை ஏம்பா தீபாவளிக்கு வரல?” என்று நீ கேட்டாய். “அது பெரியவங்க விஷயம், உனக்குப் புரியாது” என்றேன். உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. இப்போது சொல்கிறேன். தாத்தாவின் நிலத்தை அடுக்குமாடி கட்டுபவர்களுக்கு விற்றோம் அல்லவா? அதில் அக்காவுக்கும் பங்கு உண்டு. விற்பதற்கு முன்னால் அவள் பங்கை எனக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கினேன். பத்திரத்தை எழுதியவனும் நான்தான். ‘இனிமேல் மேற்படி சொத்தில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை’ என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். அதற்குப் பெயர் விடுதலைப் பத்திரம். நான் வைத்த பெயர் இல்லை, சட்டத்திலேயே அதுதான் பெயர்.

அக்கா இரண்டாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவள். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இன்னா எழுதிகீற தம்பி? ஒண்ணும் வெளங்கலியே” என்றாள்.

“அதெல்லாம் உனக்குப் புரியாதுக்கா. விடுதலைப் பத்திரம். பேர்லயே கீது பாரு. இனிமே உனக்கு ஒரு தொல்லையும் இல்ல.”

“எதுலேர்ந்து விடுதலை?” என்று கேட்டாள்.

“போடுக்கா, நேரமாவுது” என்றேன். போட்டாள். ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு நம் வீட்டு வாசப்படியை அவள் மிதிக்கவில்லை. யாரோ அவளுக்கு அர்த்தம் சொல்லிவிட்டார்கள், ஏமாற்றிவிட்டான் என்று கோபம், என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று காலை அந்தப் பத்திர நகலை எடுத்துக்கொண்டு கோவில்பதாகைக்குப் போனேன். அக்கா மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவும் இல்லை, வா என்று சொல்லவும் இல்லை. கிரைண்டரை மட்டும் நிறுத்தினாள். நான் நின்றபடியே படித்தேன். ஒவ்வொரு வரியையும் படித்து, அதன் கீழே நம் பேச்சுத் தமிழில் அர்த்தம் சொன்னேன். “உன் பங்கு நிலத்தை நீ எனக்கே விட்டுட்ட. இனிமே கேக்க முடியாது. உன் பசங்களும் கேக்க முடியாது. இதான்க்கா அர்த்தம். அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும்” என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவது மாதிரி இருந்தது.

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“எனக்கு வெளங்காமயா கையெழுத்துப் போட்டேன்?” என்றாள். “தங்கச்சி அக்காளுக்கெல்லாம் பொடவ எடுத்துக் குடுத்து எதுக்குக் கையெழுத்து வாங்குவாங்கன்னு ஊருக்கே தெரியும். எனக்குத் தெரியாதா? நீ உன் வாயால சொல்லணும்னுதான் கேட்டேன். ‘அக்கா, எனக்குப் புள்ள படிக்குது, கஷ்டமா கீது, உன் பங்கக் குடுத்துடு’ன்னு நீ சொல்லியிருந்தா சிரிச்சுகினே போட்டிருப்பேன். நீ என்னை வெளங்காதவளாக்கிட்டு வாங்கிகின. அதான் வரல.”

பதின்மூன்று வருடம் அவள் கோபம் எனக்கு ஒரு மர்மமாக இருந்தது. அதில் மர்மம் ஒன்றும் இல்லை. நான்தான் போய்க் கேட்கவில்லை. நம் ஊரில் ‘வெளங்காதவன்’ என்று திட்டுகிறார்கள் அல்லவா? புரியாததற்கும் உருப்படாததற்கும் சேர்த்து அந்த ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள். ஏன் என்று நேற்று அங்கே நின்றபோது எனக்குப் புரிந்தது. “நம்ம வீட்டுப் பின்பக்கத்து எடத்துல பாதிய உனக்கு எழுதிடறேன்க்கா” என்றேன். வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். “எழுது. வேணாம்னு சொல்ல மாட்டேன். இந்த தபா வாசிச்சுக் காட்டிட்டு எழுது” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்க் கிரைண்டரைப் போட்டாள். அந்தச் சத்தத்தில் அதற்கு மேல் பேச முடியவில்லை. ஆனால் கிளம்பும்போது ஒரு டப்பாவில் மாவு போட்டுக் கொடுத்தாள். உன் அம்மா அதில்தான் இன்று காலை தோசை ஊற்றினாள்.

ஆகவே உனக்கும் பட்டென்று சொல்லிவிடுகிறேன். பின்பக்கத்து இடத்தில் பாதி இனி உனக்கு இல்லை, அத்தைக்கு. உனக்கு வருத்தம் இருந்தால் என்னிடம் நேராகச் சொல். சண்டை போட்டாலும் பரவாயில்லை. காம்ப்ளிகேட்டட் என்று மட்டும் சொல்லாதே.

ரேவதியிடம் நேற்று சாயங்காலம் போனில் கேட்டேன், உன்னை வரச் சொல்லட்டுமா என்று. “வரட்டும் மாமா. எனக்குத் தைரியம் சொல்ல வேண்டாம். அவருக்குப் பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லட்டும், போதும்” என்றாள். நானாக இருந்தால் இவ்வளவு சுலபமாக விட்டிருக்க மாட்டேன். அவள் உன்னைவிடப் பெரிய மனசுக்காரி, அதை ஞாபகம் வைத்துக்கொள்.

சோதனையில் என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அந்த டாக்டரம்மாவுக்கே தெரியாது. நல்லபடியாக வரும் என்று எழுதக் கை போகிறது, எழுத மாட்டேன். என்ன வந்தாலும் அந்தத் தாளை நீ மட்டும் தனியாகப் படிக்காதே. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையில் கொடுத்து, அவள் படிக்கும்போது கேள். புரியாத சொல் வந்தால் இரண்டு பேருமாகப் போய்க் கேளுங்கள்.

கடிதம் உனக்குத் திங்கட்கிழமைக்குள் வந்து சேருமா என்று உன் அம்மா கேட்கிறாள். ஸ்பீட் போஸ்ட் என்று பெயர்தான். அவள் கேட்பதும் நியாயம்தான். அதனால் தபாலில் போடும் யோசனையை விட்டுவிட்டேன். சட்டை மாட்டிக்கொண்டேன். இதை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். கதவைத் திற. நீ படித்து முடிக்கிற வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
அப்பா